மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மருமகளிடம் கேட்ட கேள்விகள்

சாட்ஸ்வொர்த் மூத்த மருமகள் (திங்கள், இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இந்தத் தளத்தின் சமையல் பகுதியில் மட்டும் எழுதிவந்தேன். இன்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

என் ஓர்ப்படி மன்னார்குடிப் பக்கத்துப் பெண். என் கொழுந்தனாரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு வந்து இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை. பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. சுகப்பிரசவம். குழந்தை நன்றாக எடை ஏறுகிறது. தாய்தான் சரியில்லை. குழந்தை தூங்கும்போதும் இவள் தூங்குவதில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கிறாள், குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து அவள் அம்மா அழைத்தால் ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறாள். போன புதன்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது என்னிடம், “அக்கா, நான் இல்லாவிட்டாலும் பாப்பா வளர்ந்துவிடும், இல்லையா?” என்று கேட்டாள். நான் பயத்தில், “என்ன பேச்சு இது” என்று அதட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடமும் பேசுவதில்லை.

ஆறாம் வாரம் கிளினிக்கில் சிஸ்டர் மனநிலை பற்றிச் சில கேள்விகள் கேட்டாராம். இவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், ஜூலு தெரியாது. உடன் போன மாமியார் மொழிபெயர்த்திருக்கிறார். சிஸ்டர் நீளமாகக் கேட்டதை எல்லாம் மாமியார், “நன்றாகத்தானே இருக்கிறாய்?” என்று ஒரே கேள்வியாக்க, இவள் தலையாட்ட, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று பதிவாகிவிட்டது. மாமியார் கெட்டவர் அல்லர். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, மருந்து உருண்டை, எண்ணெய் தேய்த்து வெந்நீர் என்று நாற்பது நாளும் எதிலும் குறை வைக்கவில்லை. என் இரண்டு பிரசவத்திலும் என்னைத் தாங்கியவர் அவர்தான். அதனால்தான் எனக்கு இத்தனை தயக்கம்.

அடுத்த தடுப்பூசி பத்தாம் வாரத்தில். அதற்கு முன்பே நான் தனியாகப் போய் அந்தச் சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லலாமா? அது வீட்டுக்குச் செய்யும் துரோகமா? சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

டோங்காட் ஆயா (திங்கள், இரவு 8.35)

மகளே, எனக்கு 74 வயது. ஐந்து பெற்றேன். என் அம்மா கரும்பு ஆலை லைன் வீடுகளில் மருத்துவச்சியாக இருந்தவர். பிள்ளை பெற்றவள் அழுவதும் வெறித்துப் பார்ப்பதும் புதிதல்ல. பச்சை உடம்பு, தாய் வீடு கடலுக்கு அப்பால், வாய் பேச மொழியும் இல்லை. கண்ணேறும் பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாரியம்மனிடம் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு. அவள் அம்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசவிடு.

மருத்துவமனைக் காகிதத்தில் மட்டும் ‘மனநோய்’ என்று எழுதவிடாதே. எழுதியது அழியாது. நாளைக்கு வீட்டில் ஒரு சண்டை வந்தால் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பிரசவ அறை சிஸ்டர் (திங்கள், இரவு 8.50)

மூத்த மருமகளே, மற்றவர்கள் எழுதுவதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் இதைப் படியுங்கள். நான் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் 22 வருடமாக மகப்பேறு செவிலியராக இருக்கிறேன்.

“நான் இல்லாவிட்டாலும் பாப்பா வளர்ந்துவிடும்” என்று ஒரு தாய் சொன்னால் பத்தாம் வாரம் வரை காத்திருக்கக் கூடாது. இன்றிரவே அவள் பக்கத்தில் தனியாக உட்காருங்கள். அன்று அதட்டியதற்கு வருத்தம் சொல்லுங்கள். பிறகு சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?” கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்படாதீர்கள். முளைக்காது. பல பெண்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்களுக்கு மனம் கேட்காவிட்டால், அவளைத் தனியே விடாதீர்கள். இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தற்கொலைத் தடுப்புக்கான இலவசத் தொலைபேசி எண் 0800 567 567. அப்படி எதுவும் இல்லை என்றால் நாளைக் காலை கிளினிக். அதற்கு மேல் தள்ளக் கூடாது.

துரோகமா என்று கேட்டீர்கள். அவள் சொன்னதை நான் உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் வீட்டில் பார்த்ததை என்னிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. பூட்டு என் வாய்க்குத்தான், என் காதுக்கு இல்லை. உங்களைப் போன்ற ஒருவர் வந்து கதவைத் தட்டினால் எங்களுக்கு அது பெரிய உதவி.

குழந்தையைப் பிரிப்பதற்காக யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. தாய் தேறினால் குழந்தை தாயிடமே வளரும் என்பதற்காகத்தான் கேட்கிறோம். மீதியை நாளை எழுதுகிறேன். நீங்கள் போங்கள்.

சாட்ஸ்வொர்த் மூத்த மருமகள் (செவ்வாய், அதிகாலை 1.20)

கேட்டுவிட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். எதுவும் யோசித்து வைக்கவில்லை, தூங்கினால் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது என்றாள். “தலைக்குள் யோசனை நிற்கவே மாட்டேன் என்கிறது அக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அறையில்தான் இருக்கிறேன். குழந்தை என் மடியில். அவள் இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள். காலையில் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். சிஸ்டர், நன்றி என்று எழுதக் கை நடுங்குகிறது.

மகள்களின் அம்மா, லெனேசியா (செவ்வாய், காலை 6.05)

இரவெல்லாம் இந்த இழையைத் திறந்து திறந்து பார்த்தேன். தங்கையே, நீ சரியானதைச் செய்தாய்.

கேப் டவுன் மாணவன் (செவ்வாய், காலை 9.30)

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு நல்லது நடக்கட்டும். ஆனால் கேள்வி கேட்டுவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இங்கே வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இந்தத் துயரத்தின் அளவு சிறியதல்ல. 1999இல் வெளியான ஆய்வொன்றில், கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷாவில் பிரசவமாகி இரண்டு மாதமான தாய்மார்களில் 34.7 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் வளரும் நாடுகளுக்குச் சொல்லும் சராசரி 19.8 சதவீதம். அதே கயெலிட்ஷாவில் பிற்பாடு மனச்சோர்வுள்ள 425 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் ஆறு அமர்வுகள் ஆலோசனை வழங்கினார்கள். 2020இல் முடிவு வந்தபோது, வழக்கமான கவனிப்போடு மாதமொரு தொலைபேசி அழைப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

வரிசையில் நாற்பது பெண்கள் நிற்கும்போது ஒரு மகப்பேறு செவிலியர் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும் என்கிறோம். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அனுப்பிவைக்க ஆள் இருக்கிறதா? இல்லாத இடத்தில் கேட்பது அந்தப் பெண்ணுக்கும் செவிலியருக்கும் செய்கிற கொடுமை. 2002இல் இங்கே கேப் டவுனின் மௌப்ரே மகப்பேறு மருத்துவமனையில் டாக்டர் சிமோன் ஹானிக்மன் தொடங்கிய பேறுகால மனநலத் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும் அதே கட்டிடத்திலேயே ஆலோசகரையும் உட்காரவைத்தது. அந்த ஏற்பாடு எத்தனை கிளினிக்குகளில் இருக்கிறது?

பிரசவ அறை சிஸ்டர் (செவ்வாய், இரவு 8.15)

பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்து எழுதுகிறேன். தம்பி, நீங்கள் சொன்ன எண்கள் எனக்கும் தெரியும், உங்கள் கோபத்திலும் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சோதனையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பெண்களைக்கூட மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். எங்கள் பகுதியில் எத்தனை பெண்களுக்கு அந்த அழைப்பாவது கிடைக்கிறது? இன்னொரு கயெலிட்ஷா ஆய்வு 2009இல் வந்தது. 449 பெண்கள். அதே ஊர்த் தாய்மார்கள் சிலர் பயிற்சி பெற்று, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார்கள். பதினெட்டாம் மாதத்தில் பார்த்தபோது, அப்படிப் போன வீடுகளில் 74 சதவீதக் குழந்தைகள் தாயிடம் பாதுகாப்பான ஒட்டுதலோடு இருந்தன. போகாத வீடுகளில் 63. ஆகவே மனிதர் போய் உட்காருவதால் பயனே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மகப்பேறு செவிலியரால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெளிவாகச் சொல்கிறேன். நோய் இன்னது என்று நான் தீர்மானிப்பதில்லை. மருந்து எழுதுவதில்லை. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: அந்தப் பெண் என்னிடம் வந்தே ஆக வேண்டும். நம் நாட்டில் 2017 முதல் கர்ப்ப காலத்தில் எட்டு முறை வரச் சொல்கிறோம். பிரசவம், மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஒரு பரிசோதனை, ஆறாம் வாரம், பிறகு குழந்தையின் தடுப்பூசிக்குப் பத்தாம் வாரம், பதினான்காம் வாரம். மனநல மருத்துவரைப் பார்க்க வாழ்நாளில் ஒருமுறையும் போகாத பெண்கூட எங்களிடம் பத்துத் தடவைக்கு மேல் வருகிறாள். பைத்தியம் என்று யாரும் பேர் வைக்க முடியாத வாசல் எங்களுடையது.

நாங்கள் கேட்கிற சுருக்கக் கேள்விகள் மூன்று. கடந்த இரண்டு வாரத்தில் கவலையை, யோசனையை நிறுத்த முடியாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தாயா? உன்னையே காயப்படுத்திக்கொள்ளவோ உயிரை விடவோ நினைத்தாயா? முதல் கேள்வியைக் கவனியுங்கள். ‘மனச்சோர்வு’ என்று சொன்னால் தலையை ஆட்டி மறுக்கும் பெண், ‘யோசனை நிற்கவில்லையா’ என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். ஜூலுப் பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நேற்றிரவு மன்னார்குடிப் பெண்ணும் அதே சொல்லைத்தான் சொன்னாள். நம் பெண்கள் சோகமாக இருக்கிறேன் என்று சொல்வது அபூர்வம். தலை கனக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, கை கால் ஓடவில்லை, பால் சுரக்கவில்லை, எதுவும் பிடிக்கவில்லை. இதெல்லாம் அந்த ஒரே செய்திதான். கூடவே இரத்தசோகையையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும் இதே களைப்பு, இதே சோர்வு வரும்.

ஆயா, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் வரும் அழுகை பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். நீங்கள் சொன்னது போல அது புதிதல்ல. தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். ஏழாம் வாரத்தில் இருப்பது அதுவல்ல. காகிதம் பற்றிய உங்கள் பயம் பொய்யென்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அந்தப் பதிவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதில் நான் கடுமையாக இருக்கிறேன். கணவர் கேட்டாலும் மாமியார் கேட்டாலும் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் காட்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பிரசவ அறையில் எங்களில் சிலர் கத்துகிறோம். வலியில் துடிப்பவளை “வாயை மூடு” என்று சொல்லும் குரல்களை நான் கேட்டிருக்கிறேன். இளம் வயதில் நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு பிரசவத்துக்குப் பின் வருடக்கணக்காகக் கெட்ட கனவில் அலறி எழும் பெண்கள் இருக்கிறார்கள். மனநலம் பேறுகால அறையிலேயே தொடங்குகிறது. அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

மகள்களின் அம்மா, லெனேசியா (செவ்வாய், இரவு 9.40)

சிஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு, ஒன்பது வருடமாக வெளியே சொல்லாததை எழுதுகிறேன்.

என் இரண்டாவது மகள் பிறந்து மூன்றாவது வாரம். குளிப்பாட்டும் தொட்டியருகே குனிந்தால், என் கையே குழந்தையை அமுக்குவது போல ஒரு காட்சி கண்முன் வரும். சமையலறையில் கத்தியைப் பார்த்தால் அதைவிடக் கொடுமையான காட்சி. நான் அரக்கியாகிவிட்டேன் என்று நினைத்தேன். கத்திகளை எல்லாம் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட என் அம்மாவைக் கூப்பிட்டேன். இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். யாரிடம் சொல்வேன்? சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் அல்லவா?

தையல் ஆறிவிட்டதா என்று பார்க்க வந்த மகப்பேறு செவிலியர், போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்: “நிறையத் தாய்மார்களுக்குக் குழந்தைக்கு ஏதோ ஆவது போல, சில சமயம் தானே ஏதோ செய்துவிடுவது போலப் பயங்கரமான படங்கள் மனத்தில் வரும். உனக்கு வருகிறதா?” நிறையத் தாய்மார்களுக்கு என்று அவர் முதலில் சொன்னாரே, அந்த ஒரு சொல்லால்தான் என் வாய் திறந்தது. கத்தியைப் பரணில் வைத்ததைச் சொன்னேன். அவர் பதறவில்லை. “அந்த எண்ணம் வந்ததும் உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார். “செத்துவிடலாம் போல அருவருப்பாக இருக்கிறது” என்றேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்கி, குழந்தையைக் காப்பாற்றத்தான் நீ கத்தியை ஒளித்தாய். இது பதற்றத்தின் நோய். இதற்குச் சிகிச்சை உண்டு. இப்படிப்பட்ட தாய் அதைச் செய்துவிடுவாள் என்று நான் பயப்படவில்லை.

நான்கு மாதம் உளவியலாளரிடம் போனேன். பரணிலிருந்து கத்திகளை நானே இறக்கினேன். அந்தச் செவிலியர் பதறியிருந்தால் நான் இன்னொருவரிடம் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

பீனிக்ஸ் அப்பா (செவ்வாய், இரவு 10.25)

அக்கா எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்று தெரியாது.

என் மனைவிக்கு மகன் பிறந்த நான்காம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. ஆனால் களைப்பும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு அலமாரிகளை எல்லாம் காலிசெய்து துடைத்தாள். வேகவேகமாகப் பேசினாள். நாங்கள் சந்தோஷத்தில் இருக்கிறாள் என்று நினைத்தோம். ஆறாம் நாள், இது நம் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள், வானொலியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாள். அவளுக்குப் பயமோ அருவருப்போ இல்லை. அது உண்மை என்று முழுமையாக நம்பினாள். அன்று தொப்புள்கொடி பார்ப்பதற்காகக் கிளினிக் போகும் நாளாக இருந்தது எங்கள் புண்ணியம்.

சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: “நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?” “எனக்கு இனிமேல் தூக்கம் தேவையில்லை” என்றாள் இவள், சிரித்துக்கொண்டே. சிஸ்டர் குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். உதவியாளரை அனுப்பி டாக்டரை வரவழைத்தார். வீட்டுக்குப் போய்விட்டு மாலை வருகிறோம் என்று நான் சொன்னேன். “இப்போது நீங்கள் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது, ஐயா. இது பிரசவத்துக்குப் பின் வரும் சித்தப்பிரமை. ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். மாரடைப்புக்கு என்ன அவசரமோ அதே அவசரம் இதற்கும்” என்றார்.

2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட வேண்டியிருந்தது. 72 மணி நேரக் கண்காணிப்பு. அந்தப் பேனாவைப் பிடித்த விரல்கள் என்னுடையவை என்றே தோன்றவில்லை. தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் மனநலப் பிரிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வாரம் பிரிந்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் அந்தச் சிஸ்டர் வார்டுக்கு அழைத்து, பால் கட்டிக்கொள்ளாமல் பீய்ச்சி எடுக்கச் சொன்னார்களா என்று விசாரித்தார். மனநல வார்டில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மனைவிக்கு இருமுனைக் கோளாறு, அதாவது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி உச்சத்துக்குப் போகும் நோய், இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது கர்ப்பத்தில் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஏழாம் மாதத்திலேயே மனநல மருத்துவரும் மகப்பேறு செவிலியரும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த மருந்து, இரவில் குழந்தையை யார் பார்ப்பது, என்ன அறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதினோம். அந்தத் தாள் இன்னும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. மகளுக்கு இப்போது இரண்டு வயது. இரண்டாம் முறை வரவில்லை.

ஆயா, தூங்காமல் துள்ளுகிற புதுத் தாயை யாராவது கோயிலுக்கு முதலில் கூட்டிப்போனால் எனக்கு உயிர் பதறும். கோயில் பிறகு. நாங்களும் பிறகு போனோம்.

மருந்தாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் (புதன், காலை 7.50)

சுருக்கமாக. கர்ப்பம் என்று தெரிந்ததும் மனநல மருந்தைத் தானே நிறுத்திவிட்டு வரும் பெண்களை மாதம்தோறும் பார்க்கிறேன். நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். பல மருந்துகளைத் தொடரலாம், சிலவற்றை மாற்ற வேண்டும். வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். அதை எடுக்கும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். ‘மருந்தா பாலா’ என்று பெரும்பாலான தாய்மார்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். மூன்றாம் நாளே “ஒன்றும் குணமில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேப் டவுன் மாணவன் (புதன், மதியம் 1.15)

சிஸ்டர், தொலைபேசி அழைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் அப்படி யோசித்ததில்லை. ஆனாலும் அனுப்ப இடம் வேண்டும் என்ற என் வாதத்தை விடவில்லை.

மூத்த மருமகள் அக்காவுக்கு ஒன்று. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைக்கு உதவி இல்லாதது. ஊர் மாறினாலும் இந்தப் பட்டியலில் பாதி கப்பலேறியோ விமானமேறியோ கூடவே வருகிறது. இன்னொன்று: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று 1987இல் உருவானது. அதற்குத் தமிழ்நாட்டில் சோதித்துச் சரிபார்த்த தமிழ் வடிவம் இருக்கிறது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். தாளை அவளே படித்துக் குறித்தால் நடுவில் யாரும் தேவையில்லை.

டோங்காட் ஆயா (புதன், மாலை 5.30)

இரண்டு நாளாக எல்லாவற்றையும் பேத்தி உதவியோடு படித்தேன். பீனிக்ஸ் தம்பி, உன் வார்த்தையை ஏற்றுக்கொள்கிறேன்.

என் அம்மாவைப் பற்றி எழுதினேன் அல்லவா. அதன் பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். பிரசவம் பார்த்த மூன்றாம் நாளும் ஒன்பதாம் நாளும் அம்மா மறுபடியும் போவார். போனதும் எல்லோரையும் வெளியே போகச் சொல்வார், மாமியாரையும் சேர்த்து. எண்ணெய் தேய்க்கப் போகிறேன், காற்றுப் படக்கூடாது என்று காரணம் சொல்வார். நான் சிறுமி, வாசலில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வெகுநேரம் பேச்சுக்குரல் கேட்கும், சில வீடுகளில் அழுகை கேட்கும். எண்ணெய் தேய்க்க இவ்வளவு நேரமா என்று கேட்டால், “உடம்புக்குக் கொஞ்சம், மனத்துக்குக் கொஞ்சம்” என்பார். ஒரு வீட்டில் மட்டும் வெளியே வந்து அந்த மாமியாரிடம், “இவளைப் பத்து நாள் கிணற்றுப் பக்கம் தனியாக அனுப்பாதே” என்று சொன்னார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இந்த வயதில்தான் புரிகிறது.

மகளே, உன் மாமியாரை நான் பார்த்துப் பேசட்டுமா? தன் வயதுக்காரி சொன்னால் கேட்பார்.

சாட்ஸ்வொர்த் மூத்த மருமகள் (ஞாயிறு, மாலை 4.40)

எல்லோரும் காத்திருப்பீர்கள் என்று தெரியும். வேலையும் குழந்தையுமாக இப்போதுதான் நேரம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமியாரும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளினிக் வாசலில் நான் முதலில் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் வெளியே வந்து மாமியாரிடம், “அம்மா, தாயைப் பரிசோதிக்கும் வரை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா? உங்களைவிட நல்ல ஆள் இங்கே இல்லை” என்று பணிவாகச் சொல்லிக் குழந்தையைக் கையில் கொடுத்தார். கதவு மூடியது. நானும் வெளியில்தான் இருந்தேன். ஐம்பது நிமிடம். தமிழ்த் தாள் அன்று அங்கே இல்லை. தொலைபேசியில் தமிழ் பேசும் செவிலியர் ஒருவரை வேறு பிரிவிலிருந்து பிடித்து, அவர் வழியாகப் பத்துக் கேள்விகளையும் கேட்டிருக்கிறார். மதிப்பெண் 19. அதில் 13 வந்தாலே கவனிக்க வேண்டும் என்றார். இதை என்னிடம் சொல்ல அவள் சம்மதித்த பிறகுதான் சொன்னார். இங்கே பெயரில்லாமல் எழுதுவதற்கும் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

அன்றே டாக்டர் பார்த்து மருந்து எழுதினார். இரத்தம் எடுத்தார்கள், இரத்தசோகையும் இருக்கிறது. மாணவத் தம்பி சொன்னது போல ஆலோசகர் அந்தக் கிளினிக்கில் இல்லை, வேறு இடத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை வியாழன்தோறும் காலை ஏழரைக்கு, வரிசை தொடங்கும் முன், தன்னைப் பார்க்க வரும்படி சிஸ்டரே சொல்லியிருக்கிறார். இந்த வியாழன் போனோம். இருபது நிமிடம். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், ஊரில் அவள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரவுப் பால் ஒரு வேளையை இனிமேல் கொழுந்தனார் புட்டியில் கொடுப்பதாக ஏற்பாடு. நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள். இன்னும் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள், பொய் சொல்ல மாட்டேன். மருந்தாளர் ஐயா சொன்ன வாரக் கணக்கை எழுதிச் சமையலறையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மாமியார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நேற்று என்னிடம் வந்து, “சிஸ்டர் கேட்டதை நான் அப்படியே சொல்லியிருக்க வேண்டுமோ?” என்றார். அவருடைய முதல் பிரசவத்தில், டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து வீட்டைக் காலிசெய்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த புதிதில், அக்கம்பக்கம் யாரையும் தெரியாமல் ஆறு மாதம் இருட்டறையில் கிடந்ததாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்குச் சொன்னதே இல்லை. அடுத்த வியாழன் தானும் உள்ளே வரலாமா என்று சிஸ்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். சிஸ்டரிடம் இப்போதே தொலைபேசியில் கேட்டேன். மருமகளின் நேரம் மருமகளுக்கு மட்டும், மாமியாருக்கு வேறொரு நாள் தருகிறேன் என்றார்.

ஆயா, நீங்கள் கட்டாயம் வாருங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல் வேலை இல்லை. டோங்காட் பஸ் டர்பன் மார்க்கெட்டில் நிற்குமிடத்தில் இறங்கியதும் தகவல் அனுப்புங்கள், வந்து அழைத்துக்கொள்கிறேன்.